களவெட்டியில் கேட்ட கூரை

சுவர்கள் எழுந்துவிட்டன, கூரை இல்லை. அறுபதுகளில் ஒரு மாசி மாதம் எங்கள் நிதிக் குழு வந்து நின்ற இடம் அது.

மட்டக்களப்பு நகரத்து ஆஸ்பத்திரியின் பின்புறம், வாவியைப் பார்த்தபடி, புற்றுநோயாளருக்கென்று ஒரு சிறிய வார்ட் கட்டத் தொடங்கியிருந்தோம். கொழும்பிலிருந்து ஒரு நிபுணர் மாதம் ஒருமுறை வந்து நோயாளரைப் பார்ப்பதாக ஏற்பாடு. பயிற்சி பெற்ற தாதி ஒருவரை அனுப்பவும் மேலிடம் ஒப்புக்கொண்டிருந்தது. கட்டடத்தை மட்டும் ஊர் தர வேண்டும். சித்திரை வருடப் பிறப்புக்கு முன் அது முடிந்திருந்தால் நிபுணர் வருவார். முடியாவிட்டால் அவர் வேறொரு மாவட்டத்துக்குப் போவார். இதை எங்களுக்குச் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார்கள்.

அத்திவாரமும் சுவரும் நகரத்துப் பணத்தில் எழுந்தவை. எங்கள் மெதடிஸ்த கோவில் பெண்கள் பலகாரம் செய்து விற்றார்கள். கத்தோலிக்கர் ஒரு நாடகம் போட்டார்கள். கடைக்காரர்கள் சீமெந்து கொடுத்தார்கள். அதன் பிறகு நகரம் களைத்துவிட்டது. உண்டியலோடு நாங்கள் வருவதைக் கண்டதும் எதிர்ப்பக்கத்துக்கு மாறி நடந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரே தெருவில் எத்தனை முறைதான் கேட்பது?

குழுவின் காரியதரிசி நான். நீர்ப்பாசனக் கந்தோரில் இலிகிதர் வேலை. நாளாந்தம் காற்று, மழை, குளத்து நீர்மட்டம் இவற்றைக் குறித்து வைக்கும் பழக்கம் கந்தோரில் தொடங்கி, வீட்டில் நாட்குறிப்பாக வளர்ந்தது. ஆனால் இந்த வார்டுக்காக நான் அலைந்ததற்குக் காரணம் காரியதரிசிப் பதவி அல்ல; என் அக்கா.

அக்காவுக்கு மார்பில் கட்டி. கொழும்புக்குப் போய் வெட்டி எடுத்து, கதிர்ச் சிகிச்சையும் எடுத்து, ஊரில் சொல்வதுபோல 'கரண்ட் பிடித்து' வந்திருந்தார். அதன் பின் சில மாதங்களுக்கு ஒருமுறை அங்கே போய்க் காட்ட வேண்டும். கடைசித் தடவை இரவு மெயில் ரயிலில் இருக்கை கிடைக்கவில்லை. கழிவறைக் கதவருகே, பெட்டியின் மீது உட்கார்ந்து விடியும்வரை வந்தார். கதவைத் திறப்பவர்கள் எல்லாரும் ஆறாத பக்கத்தில் இடித்துவிட்டுப் போனார்கள். எதிரே இருந்த ஒரு தாய், அக்காவின் சேலையில் கசிவைக் கண்டதும், தன் குழந்தையைத் தூக்கி மறுபக்கம் வைத்துக்கொண்டாள். கூடப் போன நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காவும் பார்த்தார். வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்:

"தம்பி, இனி அந்த ரயிலில நான் ஏற மாட்டன். டொக்டர் இஞ்ச வந்தாக் காட்டுறன். வராட்டி விடு."

அக்கா ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். அடுத்த தவணை தை மாதம் வந்தது. அவர் பெட்டியை எடுக்கவில்லை. கையைத் தூக்கித் தலை வாருவது அவருக்குச் சிரமமாகி வருவதை நான் கவனித்தேன். கேட்டால், தோளில் வாயு என்றார். ஆகவே கூரை என்பது எனக்கு மரமும் ஓடும் மட்டுமல்ல.

நகரம் களைத்த பின் மிஞ்சியது வயல்தான். வாவிக்கு மேற்கே, நாங்கள் படுவான்கரை என்று சொல்லும் பக்கத்தில், பெரும்போக வெள்ளாமை வெட்டி, கதிரைச் சூடாகக் குவித்து வைத்திருந்தார்கள். மாடு விட்டுச் சூடு மிதித்து, நெல்லை அளந்து முடிந்ததும் வியாபாரிகளின் லொறிகள் வந்துவிடும். அதற்கு முன் சூடு மிதிக்கும் களத்திலேயே, களவெட்டியிலேயே, நெல்லாகக் கேட்டுவிட வேண்டும். அந்தப் பக்கத்தில் வட்டை என்று சொல்லும் பெரிய வயல்வெளி ஒன்றில், முதலில் கேட்க வேண்டிய நிலச்சொந்தக்காரர், போடியார் ஒருவர் இருந்தார். அவர் கொடுத்தால் அந்த வட்டையில் நிலம் வைத்திருக்கும் எல்லாரும் கொடுப்பார்கள். அவர் முகத்தைத் திருப்பினால் ஒருவரும் கொடுக்க மாட்டார்கள்.

குழுத் தலைவரும் நானும் புறப்பட்டோம். தலைவர் நகரத்தில் பேர் பெற்ற வழக்கறிஞர், புரொக்டர். நகர மண்டபத்தில் அவர் பேசினால் பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். ஆண்கள் சட்டைப் பையைத் தடவுவார்கள். வயற்பக்கம் போய்ப் பழக்கமில்லாதவர். எனக்கு வாய்க்கால் பார்க்கப் போன அளவில் கொஞ்சம் பழக்கம். களவெட்டியில் கெட்ட வார்த்தை பேசக்கூடாது, நோயின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது எனக்குத் தெரியும். அதை அவருக்கு முதல்நாளே சொல்லியிருந்தேன்.

வாவியைக் கடக்க அங்கே பாலம் கிடையாது. இரண்டு தோணிகளைச் சேர்த்துப் பலகை அடித்த மிதவை ஒன்று, மாட்டு வண்டியையும் மனிதரையும் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போய் வரும். அதைப் 'பாதை' என்பார்கள். பாதையில் நின்றபடியே புரொக்டர் தன் பேச்சை எனக்கு ஒப்புவித்தார். புற்றுநோய் என்று வரும் இடமெல்லாம் 'அந்த வருத்தம்' என்று மாற்றியிருந்தார்.

"ஒரு இடத்தில எண்டாலும் பேர் வருதா, பாரும்," என்றார்.

வரவில்லை. கவனமாகக் கேட்டேன். ஒரு இடத்திலும் வரவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சூடு மிதித்து முடிந்து, மாடுகளை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். களவெட்டியின் நடுவே பதரும் நெல்லும் கலந்த பெரிய குவியல். உயர்ந்த தட்டில் நின்று சிலர் சுளகால் தூற்ற, வாடைக்காற்று பதரைத் தூரக் கொண்டுபோனது. நெல் நேரே கீழே விழுந்தது. அதை அங்கே நெல் என்று சொல்வதில்லை, பொலி என்பார்கள். வேலையை நடத்திய முல்லைக்காரர் ஒல்லியான மனிதர். எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தூற்றுகிறவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். போடியார் ஓரத்தில் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். சிரிக்கவும் இல்லை, எழவும் இல்லை. வந்த விஷயத்தைச் சொல்லுங்கள் என்பதுபோலத் தலையை அசைத்தார்.

புரொக்டர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு தொடங்கினார். இத்தனை பெரிய மாவட்டத்தில் அந்த வருத்தத்துக்கு ஒரு வார்ட் இல்லை. பார்ப்பதற்கு டொக்டர் இல்லை. படுப்பதற்கு ஒரு கட்டில் இல்லை. கொழும்புக்குப் போக ஏழைகளிடம் காசு இல்லை.

முதல் 'இல்லை'யிலேயே தட்டின் மேல் நின்றவர்களில் ஒருவர் கையை நிறுத்தினார். இரண்டாவதில் எல்லாரும் நிறுத்தினார்கள். புரொக்டர் அதைத் தன் பேச்சின் வெற்றி என்று எடுத்துக்கொண்டார் போலும். குரல் இன்னும் உயர்ந்தது. சுவருக்குக் கூரை இல்லை, எங்களிடம் இனி வழி இல்லை என்று முடித்தபோது களவெட்டி முழுவதும் அசையாமல் நின்றது. முல்லைக்காரர் குனிந்து, மண்ணில் ஒரு பிடி எடுத்துக் குவியலைச் சுற்றி எறிந்தார். போடியார் எழுந்து, எங்களைப் பாராமல், களவெட்டிக்கு வெளியே இருந்த வாடிக் குடிசையை நோக்கி நடந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொலி கிடக்கும் இடத்தில் 'இல்லை' என்ற சொல்லே ஆகாது. தீர்ந்தது, போதாது, வெறுமை, இவை எதுவும் ஆகாது. சொன்னால் பொலி குறையும் என்பது அவர்களின் நம்பிக்கை. நோயின் பெயரை அவ்வளவு கவனமாக வடிகட்டிய எங்கள் இருவருக்கும் இது தோன்றவில்லை. நிதி கேட்கும் பேச்சு வேறு எந்தச் சொல்லால் ஆனது?

நாங்கள் திரும்பிப் போகலாம் என்று அடி எடுத்து வைத்தோம். முல்லைக்காரர் கையை நீட்டி மறித்தார்.

"தூத்தத் தொடங்கின மறுகா உள்ளுக்கு வந்த ஆக்கள், அளந்து முடியுமட்டும் வெளிய போக ஒண்ணா. வாடி மட்டும் போகலாம். ஊருக்குப் போக ஒண்ணா."

அந்த நேரத்தில் காற்று விழுந்தது. நான் காற்றைக் குறித்து வைக்கிறவன். மாசி மாதத்துப் பின்னேரங்களில் வாடை இப்படிச் சற்று ஓய்ந்து எழுவது வழக்கம் என்று அறிந்தவன். ஆனால் அந்த இடத்தில் அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. பதர் தூற்றியவர்களின் காலடியிலேயே விழுந்தது. மேற்கே, மலைப்பக்கத்தில், ஒரு கருமேகம் ஏறிக்கொண்டிருந்தது. பதரோடு கிடக்கும் அத்தனை நெல்லும் மழையில் நனைந்தால் முளைகட்டிப் போகும். அது நடந்தால் இந்த வட்டையில் மட்டுமல்ல, படுவான்கரை முழுவதிலும் நாங்கள் கால் வைக்க முடியாது.

தட்டிலிருந்து இறங்கிய ஒருவர் கேட்டார்: "காத்து எங்க போயித்து?"

"டவுன் ஐயாமார் வார்ட்டுக்கு வாங்கிப் போயித்தாங்க," என்றார் முல்லைக்காரர். "கூரைக்குப் பதிலாப் போடுவாங்க போல."

யாரோ சிரித்தார்கள். புரொக்டரின் முகம் சிவந்தது. அவர் என்னிடம் தாழ்ந்த குரலில், மூடநம்பிக்கைக்கு முன்னால் என்ன வாதம் செய்வது என்று முணுமுணுத்தார். நான் அவரைப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மேகத்தைப் பார்த்தேன். எனக்குக் கண் முன்னால் தெரிந்தது அக்காவின் கை. சீப்பைப் பிடித்து, காதுவரை போய், அங்கேயே நிற்கும் கை.

வாடியிலிருந்து போடியார் எங்களைக் கூப்பிட்டார். போனோம். பாயைக் காட்டினார். உட்கார்ந்தோம்.

"இது வாடி. இஞ்ச எந்தச் சொல்லும் சொல்லலாம். ஆருக்கு வருத்தம்?"

புரொக்டர் என் பக்கம் திரும்பினார். எந்தப் பேச்சும் அந்தக் கேள்விக்குப் பொருந்தாது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். நான் சொன்னேன். அக்காவைப் பற்றி, ரயிலைப் பற்றி, கழிவறைக் கதவைப் பற்றிச் சொன்னேன். போடியார் இடையில் மறிக்கவில்லை. சொல்லி முடித்ததும் ஒரு கேள்வி கேட்டார்.

"ஆஸ்பத்திரியில துண்டு எப்ப குடுக்கிற?"

நோயாளர் டொக்டரைப் பார்ப்பதற்கான இலக்கத் துண்டு. விடிந்ததும் கொடுப்பார்கள் என்றார் புரொக்டர்.

"முதல் பாதை எப்ப அக்கரை சேரும்?"

எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அன்று நாங்கள் பிந்திய பாதையில்தான் வந்திருந்தோம்.

போடியார் களவெட்டிப் பக்கம் தாடையைக் காட்டினார். "அந்தா நிக்கானே என்ர முல்லைக்காரன், அவன்ட பெஞ்சாதிக்கும் மாரிலதான் கட்டி. முதல் பாதையில போய் இறங்கி நடந்து போனா, துண்டு முடிஞ்சி. மறுதரமும் முடிஞ்சி. மூணாந்தரம் வாசல்ல நிண்ட ஆள், வெள்ளனவா வரத் தெரியாதா எண்டு கேட்டானாம். மறுகா அவ போகல்ல." முல்லைக்காரரின் பக்கமே பார்த்துக்கொண்டு தொடர்ந்தார். "போன வருசம் இதே சூடடிக்கிற நாளையில அவ உயிர் போயித்து. நீங்க கட்டுற வார்ட் ஆருக்கு? எழுவான்கரைக்குத்தானே?"

வாவிக்குக் கிழக்கே, நகரமும் கடலும் உள்ள எங்கள் பக்கம் எழுவான்கரை. அவர் சொன்னதில் மறுக்க எதுவும் இருக்கவில்லை. முல்லைக்காரர் எறிந்த கேலியை நினைத்துப் பார்த்தேன். அது கேலியே அல்ல.

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். பாதி வாக்கியத்தில் போடியார் தலையை நிமிர்த்தினார். வாடியின் ஓலை சரசரத்தது. அவர் அப்படியே எழுந்து ஓடினார். காற்று திரும்பியிருந்தது. ஆனால் மேகமும் அதோடு வந்துகொண்டிருந்தது.

நாங்களும் ஓடினோம். தட்டின் மேல் ஏறக்கூடியவர்கள் எல்லாரும் ஏறினார்கள். "பொலியோ பொலி" என்ற குரல் ஒன்று தொடங்க, மற்றவர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பதரை ஒதுக்கினேன். புரொக்டர் தன் வெள்ளைக் காற்சட்டையை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு சுளகுகளை எட்டிக் கொடுத்தார். அவர் கை ஒருமுறை தவறி நெல் சிந்தியபோது முல்லைக்காரர் அவரை முறைத்தார். ஆனால் அடுத்த சுளகை அவரிடமே நீட்டினார். தூறல் எங்களுக்கு எட்டாத தூரத்தில், வட்டையின் மேற்கு எல்லையில் சாம்பலாக நின்றது. குவியல் சுருங்கச் சுருங்க நான் வானத்தைப் பார்க்கப் பயந்தேன். சாக்குகளை இழுத்து மூடியபோது நாலைந்து துளி என் கழுத்தில் விழுந்தது. அவ்வளவுதான். மேகம் வடக்கே செங்கலடிப் பக்கம் போய்விட்டது.

அளந்தார்கள். முதல் மரைக்காலை ஒன்று என்று எண்ணாமல் லாபம் என்று எண்ணி, மற்றதை வாய்க்குள் எண்ணினார்கள். அளந்து முடிந்ததும் போடியார் களவெட்டியின் நடுவே வந்து நின்றார். என்னைப் பார்த்தார்.

"இப்பக் கேளுங்க. வாடியில கேட்டது கேட்டதில்ல. களத்துக்குள்ள கேட்டாத்தான் கேட்டது. இரிக்கிறதச் சொல்லிக் கேளுங்க."

புரொக்டர் ஒரு அடி பின்னால் போனார். நான் தனியே நின்றேன். பதர் ஒட்டிய வெறுங்கால்களோடு, வேர்வையில் நனைந்த ஆட்கள் முழுப்பேரும் பார்த்திருக்க, என்னால் நினைக்க முடிந்த வாக்கியங்கள் எல்லாம் அந்த ஒரு சொல்லிலேயே போய் முடிந்தன. தவறி வந்துவிட்டால் இரண்டாவது சந்தர்ப்பம் கிடைக்காது. நாக்கை அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"ஆஸ்பத்திரிக்குப் பின்னால நிலம் இருக்கு. சுவர் நாலும் இருக்கு. வாசல் இருக்கு. நேர்ஸ் வாறா. டொக்டர் வாறார்." கூரைக்கு வந்தேன். தலையை நிமிர்த்தினேன். "மேல வானம் இருக்கு."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. முல்லைக்காரர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு அக்கா இருக்கிறா," என்றேன்.

அதோடு நிறுத்தினேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

போடியார் சாக்குகளில் ஒரு வரிசையைக் கையால் வகிர்ந்து காட்டினார். "இது ஓட்டுக்கு. மரத்துக்கு வட்டையில மத்த ஆக்களிட்டச் சொல்லுவன். ஆனா ஒரு கதை. முதல் பாதை ஆக்கள் வந்து சேர்ந்த மறுகாதான் அந்த வார்ட்டில துண்டு குடுக்கணும். ஓம் எண்டாச் சொல்லுங்க."

ஆஸ்பத்திரியின் நேரத்தை மாற்ற எங்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. நான் புரொக்டரைப் பார்த்தேன். சட்டம் தெரிந்தவர் அவர். வாக்குக் கொடுப்பதன் பாரமும் தெரிந்தவர்.

"ஓம்," என்றார் அவர். அன்று அந்தக் களத்தில் அவருடைய இரண்டாவது பேச்சு அந்த ஒரு சொல்தான்.

பங்குனி முடிவில் கூரை ஏறியது. கடைசி ஓடு வைத்தபோது சித்திரைக்கு மிகக் கொஞ்ச நாளே மிச்சம். நிபுணர் வந்து, சுற்றிப் பார்த்து, ஜன்னலை ஒருமுறை திறந்து மூடிவிட்டு, சரி என்றார்.

முதல் கிளினிக் நாளன்று விடியற்காலையிலேயே நான் அக்காவோடு போய்விட்டேன். வாசலில் நகரத்து ஆட்கள் ஏற்கெனவே வரிசையாக நின்றார்கள். துண்டு கொடுப்பவர் மேசையை வெளியே இழுத்தார். மேசைக்கு முன்னால் புரொக்டர் நின்றார், கோட்டும் டையுமாக, நீதிமன்றத்துக்குப் போகும் கோலத்தில். பாதை வரட்டும் என்றார். துண்டுக்காரர் இது அரசாங்க ஆஸ்பத்திரி என்றார். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள்; ஒருவர் புரொக்டரைப் படுவான்கரைக்கு விலைபோனவர் என்றார். அவரிடம் வழக்குக் கொடுத்த கட்சிக்காரர்கள் சிலரும் அந்த வரிசையில் இருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டு வந்தது. புரொக்டர் அசையவில்லை.

பிறகு தெருமுனையில் அவர்கள் தெரிந்தார்கள். ஈரக் காலோடு, வேகமாக, ஏறக்குறைய ஓடி வந்தார்கள். முன்னால் முல்லைக்காரர். அவருக்குப் பின்னால், முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி, டொக்டரிடம் காட்ட வந்த, அவரது இறந்த மனைவியின் தங்கை. வாசலில் மேசையையும், கொடுக்கப்படாமல் கட்டாக இருந்த துண்டுகளையும் கண்டு முல்லைக்காரர் நின்றார். புரொக்டர் விலகி வழிவிட்டார்.

அக்காவை நிபுணர் நீண்ட நேரம் பார்த்தார். வெளியே வந்து என்னிடம் சொன்னதில் மழுப்பல் இருக்கவில்லை. அக்குளில் மறுபடி கட்டி. பிந்திவிட்டது, ஆனால் முற்றாகப் பிந்தவில்லை. இங்கே தன்னால் பார்க்கவும் காயத்தைக் கவனிக்கவும் முடியும், கரண்ட் பிடிக்கும் இயந்திரம் கொழும்பில்தான். உடனே போக வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு மறுபடியும் அந்த ரயில். நான் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வார்டுக்குள் போனேன். அக்கா ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. கேட்கவில்லை. கட்டிலின் இரும்பை உள்ளங்கையால் தடவினார். கூரையை அண்ணாந்து பார்த்தார். ஓடுகள் இன்னும் புதுச் சிவப்பு. பிறகு தாதியைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நான் அங்க போயித்து ரயிலால இறங்கி நேர இஞ்ச வந்தா, இந்தக் கட்டில் இருக்குமா?"

தாதி இளம் பெண். வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தது. அவள் கட்டிலைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"இருக்கும் அக்கா."

அக்கா சேலைத் தலைப்பை எடுத்து ஆறாத பக்கத்தை மூடிக்கொண்டார்.

"எண்டா டிக்கெட் எடு தம்பி," என்றார். "யன்னல் கரையாப் பாத்து எடு."